வாசலில் கார் வந்து நிற்கிறது: ஊர் திரும்பும் குடும்பப் படத்துக்குத் திரைக்கதை எழுதும் முறை

தயாரிப்பாளர் "கலகலன்னு ஒரு குடும்பப் படம் பண்ணிடலாம்" என்று சொன்னால் அதற்குச் சில உட்பொருள்கள் உண்டு. அவருக்குத் தெரிந்தவரின் பெரிய வீடு ஒன்று குறைந்த வாடகைக்குக் கிடைத்திருக்கிறது. சண்டைக் காட்சிக்குக் கயிறு கட்டப் பணம் இல்லை. தணிக்கையில் 'யு' வாங்கி, டிவி உரிமையை நல்ல விலைக்குத் தள்ள வேண்டும். இவ்வளவுக்கும் பொருந்துகிற கதை நம்மிடம் ஒன்றுதான் இருக்கிறது: பிழைக்கப் போன பிள்ளைகள் எல்லாரும் ஒரே நாளில் பெட்டியோடு ஊருக்கு வந்து சேருகிறார்கள். சாலிகிராமத்து மாடி அறையில் வருடக்கணக்காகச் செதுக்கிக்கொண்டிருக்கும் சைக்கோ திரில்லரைப் பரணில் போட்டுவிட்டு, இரண்டு குயர் வெள்ளைத்தாளோடு உட்காருங்கள்.

வரவழைத்தல்

முதலில் அவர்கள் ஊருக்கு வர ஒரு காரணம் வேண்டும். சாவு, கல்யாணம், திருவிழா, தாத்தாவுக்குச் சதாபிஷேகம், நடைமுறையில் இவ்வளவுதான். சாவில் செலவு குறைவு, எல்லாரும் ஒரே நாளில் வந்தும் ஆகவேண்டும். ஆனால் பிணத்தை நடுவீட்டில் வைத்துக்கொண்டு சிரிக்கவைக்கத் தனித் துணிச்சல் வேண்டும். 'ஏலே' (2021) படத்தில் ஹலிதா ஷமீம் அதைச் செய்தார். அப்பா இறந்த செய்தி கேட்டு ஊருக்கு வரும் மகனுக்கு அழுகை வரவில்லை, பசிதான் வருகிறது. போதாததற்குப் பிணமும் காணாமல் போகிறது. அந்தத் துணிச்சல் உள்ளவர்கள் இந்தக் கையேட்டை இங்கேயே மூடிவிடலாம்.

மற்றவர்களுக்குத் திருவிழா. அதிலும் ஊர் அம்மன் கோயில் திருவிழா. காப்புக் கட்டும்போது ஊருக்குள் இருப்பவர்கள் திருவிழா முடியும்வரை ஊர் எல்லையைத் தாண்டி இரவு தங்கக் கூடாது என்பது பல ஊர்களில் இன்றைக்கும் உள்ள கட்டுப்பாடு. திரைக்கதை எழுதுகிறவருக்கு இதைவிடப் பெரிய வரத்தை எந்தச் சாமியும் கொடுத்ததில்லை. மறுநாளே வீட்டில் சண்டை வரும். மூத்த மருமகள் பெட்டியைக் கட்டிவிடுவாள். "அப்புறம் ஏன் கிளம்பாம நிக்குறா?" என்று தியேட்டரில் பின்வரிசைக்காரர் கேட்பார். அவருக்குப் பதில் காப்பில் இருக்கிறது. அமெரிக்கக்காரர்கள் இந்த வேலைக்குப் பனிப்புயலைக் கூப்பிடுகிறார்கள். 'பிளேன்ஸ், டிரெயின்ஸ் அண்ட் ஆட்டோமொபைல்ஸ்' (1987) படத்தில் பண்டிகைக்கு வீடு போக வேண்டிய ஒருவரை வழியிலேயே நிறுத்திவைக்க விமானத்தையே வேறு ஊரில் இறக்க வேண்டியிருந்தது. நமக்கு மஞ்சள் தடவிய ஒரு கயிறு போதும்.

திருவிழா வெளியில் சொல்கிற காரணம். உள்ளே இருக்கிற காரணம் எப்போதும் பத்திரம்தான். வீட்டை விற்க வேண்டும், அல்லது பாகம் பிரிக்க வேண்டும், அல்லது அப்பா ஏற்கெனவே எங்கோ அடமானம் வைத்துவிட்டார். இங்கே நம் திரைக்கதையாசிரியர்கள் ஒரு பெரிய புதையலின் மேல் பாயை விரித்துத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். பூர்வீகச் சொத்தில் பெண்களுக்குச் சம பங்கு என்பது தமிழ்நாட்டில் 1989லேயே சட்டமாகிவிட்டது. 2005இல் நாடு முழுவதற்கும் வந்தது. திரையில் மட்டும் தங்கச்சி இன்னும் சீர்வரிசைத் தட்டைப் பார்த்தே கண்கலங்கிக்கொண்டிருக்கிறாள். அவளைக் கொஞ்சம் நிமிர்த்தி உட்காரவையுங்கள். அண்ணன்காரர் விடுதலைப் பத்திரத்தை நீட்டுகிறார்.

"ஒரு கையெழுத்துத்தானேம்மா."

"ஒரு கையெழுத்துத்தானேண்ணே. நீங்க போட்டுக் குடுங்க, நான் வாங்கிக்கிறேன்."

இந்த இரண்டு வரிக்குப் பிறகு அரை மணி நேரப் படம் தானாக நடக்கும். நீங்கள் டீ குடிக்கப் போகலாம்.

இறக்குதல்

ஊருக்கு வருகிற யாரையும் பஸ்ஸில் வரவிடாதீர்கள். நிஜத்தில் பொங்கலுக்கு ஊர் போகிறவர் 60 நாள் முன்னதாகவே காலை எட்டு மணிக்குக் கைப்பேசியோடு உட்கார்ந்து, பொதிகையிலும் நெல்லையிலும் இடம் தேடி, காத்திருப்போர் பட்டியலில் பெயரைப் பார்த்துவிட்டு, கடைசியில் போகி அன்றைக்குக் கிளாம்பாக்கத்தில் மூட்டையோடு நிற்பார். ஊர் வந்து இறங்கும்போது அவர் முகத்தில் நாயகக் களை எதுவும் மிச்சம் இருக்காது. உங்கள் நாயகன் காரில் வருகிறான். முதலில் டயர், பிறகு கதவு, பிறகு ஷூ, பிறகு கறுப்புக் கண்ணாடி, கடைசியாக முகம். கோழிகள் இரண்டு பக்கமும் பறக்கட்டும்.

ஆனால் அந்தக் கார் வாடகைக் காராக இருக்கட்டும். ஏன் என்று கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

ஆரத்தித் தட்டைச் சுற்றி மொத்தக் குடும்பத்தையும் நிற்கவைத்து அறிமுகம் செய்வது மரபு. இருபது பேரை ஒரே காட்சியில் காட்டினால் பார்க்கிறவருக்கு எவர் பெயரும் நிற்காது. அதனால் பெயர் சொல்லாதீர்கள், குறையைச் சொல்லுங்கள். கடன் வாங்கித் திருப்பித் தராத சித்தப்பா, எல்லாருடைய சம்பளத்தையும் கேட்கிற அத்தை, எந்தப் பேச்சையும் தன் மூட்டு வலியில் கொண்டுபோய் முடிக்கிற பெரியம்மா. நம் ஆட்களுக்கு உறவுமுறையைக் கற்றுத்தர வேண்டியதில்லை. 'அத்தை மக' என்று ஒரு வார்த்தை விழுந்தால், காதல் பாட்டு எங்கே வரும் என்பதைக் கூடத் தியேட்டரில் கணித்துவிடுவார்கள். வேறு நாட்டுப் படங்களில் கதாநாயகியை வெளியிலிருந்து கூட்டிவந்து குடும்பத்துக்கு அறிமுகப்படுத்தவே முதல் பாதி போய்விடும். நமக்கு அவள் ஏற்கெனவே அடுப்படியில் இருக்கிறாள். மருத்துவர்கள் நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம் வேண்டாம் என்கிறார்கள், இன்றைய பெண்களும் அதையே சொல்கிறார்கள். அதனால் அந்த அத்தை மகளையே "உன்னையெல்லாம் எவ கட்டுவா?" என்று கேட்கவையுங்கள். சிரிப்பும் ஆச்சு, காலத்தோடு ஒத்துப்போனதும் ஆச்சு.

பொய் வைத்தல்

மற்ற எல்லாவற்றிலும் கஞ்சத்தனம் காட்டலாம், இதில் கூடாது. ஊர் திரும்பும் சிரிப்புப் படத்தை ஓட்டுவது பாசம் என்று பேட்டிகளில் சொல்வார்கள். சொல்லட்டும். ஓட்டுவது பொய்.

பழைய படங்களை வரிசையாகப் போட்டுப் பாருங்கள். 'அன்பே வா' (1966): கோடீஸ்வரர் ஜே.பி. ஓய்வெடுக்கச் சிம்லாவில் உள்ள தன் பங்களாவுக்குப் போகிறார். காவல்காரர் நாகேஷ் அதை ஒரு குடும்பத்துக்கு வாடகைக்கு விட்டுவிட்டிருக்கிறார். வீட்டுக்காரர் 'நான்தான் முதலாளி' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் படம் பத்தாவது நிமிடத்தில் முடிந்திருக்கும். அவர் சொல்லாமல், தன் வீட்டுக்கே ஒண்டுக்குடித்தனம் வருகிறார். 'காதலிக்க நேரமில்லை' (1964): எஸ்டேட் முதலாளி பாலையாவின் மகள்கள் படிப்பு முடிந்து வீடு திரும்புகிறார்கள். அங்கே வேலையை இழந்த ரவிச்சந்திரன் ஒரு மகளைக் காதலித்து, தன்னைப் பெரிய பணக்காரரின் பிள்ளை என்று சொல்லிக்கொள்கிறார். பணக்கார அப்பா ஒருவர் வேண்டுமே? நண்பர் முத்துராமனுக்கு நரைத்த தலையை மாட்டிக் கூட்டிவருகிறார். அந்த நண்பர் காதலிப்பதோ இன்னொரு மகளை. ஸ்ரீதரும் சித்ராலயா கோபுவும் இந்தப் பொய்க்கு மேல் பொய் அடுக்கிய விதத்தைக் காசு கொடுத்துப் பள்ளியில் சேர்ந்து படித்தாலும் கற்க முடியாது. படத்தைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். 'அவ்வை சண்முகி'யில் (1996) மனைவியைப் பிரிந்த அப்பா தன் மகளோடு ஒரே கூரையின் கீழ் இருப்பதற்காக மாமியாகப் புடவை கட்டுகிறார். விக்ரமனின் 'பூவே உனக்காக'வில் (1996) வந்தவன் பேரனே இல்லை.

இந்தப் படங்களிலெல்லாம் பொய்யைத் தூக்கிச் சுமப்பவர் வாசலில் வந்து இறங்கியவர். அது பாதிப் பாடம். மீதிப் பாதியை நம் ஆட்கள் அதிகம் தொடுவதில்லை: வீட்டில் இருந்தவர்களுக்கும் ஒரு பொய் இருக்க வேண்டும். வருகிறவன் 'நான் நன்றாக இருக்கிறேன்' என்று நடிக்கிறான். இருக்கிறவர்கள் 'நாங்கள் நன்றாக இருக்கிறோம்' என்று நடிக்கிறார்கள். இரண்டு நடிப்பும் ஒரே கூடத்தில் ஒன்றையொன்று நம்பிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுதான் சிரிப்பு வரும். ஒரு பக்கம் மட்டும் பொய் சொன்னால் அது ஆள்மாறாட்டக் கதை. இரண்டு பக்கமும் சொன்னால்தான் அது குடும்பம்.

செய்து காட்டுகிறேன். சிவகங்கைச் சீமையில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். மூத்த மகன் துபாயில் மீன் வைக்கும் குளிர்பதனக் கிடங்கில் பெட்டி அடுக்குகிறான்.

"அங்க என்னய்யா வேலை?"

"முழுக்க ஏசிதான், பெரியப்பா."

கவனியுங்கள், அவன் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கைதேர்ந்த திரைக்கதையில் பாத்திரங்கள் கூடுமானவரை உண்மையையே சொல்வார்கள், கேட்கிறவர்தான் தப்பாக எடுத்துக்கொள்வார். இளைய மகன் சென்னையில் மென்பொருள் வேலையை இழந்து மாதங்கள் ஆகின்றன. அதை மறைக்க அவன் திண்ணையில் மடிக்கணினியைத் திறந்துவைத்து, டவரே கிடைக்காத ஊரில் ஆங்கிலத்தில் மீட்டிங் பேசிக்கொண்டிருக்கிறான். எதிர்வீட்டுச் சிறுவன் மட்டும் அவன் திரை அணைந்திருப்பதைப் பார்த்துவிட்டான். தினமும் ஒரு ஐஸ்கிரீம் வாங்கிக்கொள்கிறான்.

இனி வீட்டார் பக்கம். அப்பா பிள்ளைகள் வருகிறார்களே என்று தெருவைப் பார்த்த சுவருக்கு மட்டும் வெள்ளையடித்திருக்கிறார். தொழுவத்தில் நிற்கும் மாடு பக்கத்து வீட்டுக்காரருடையது, மாலையானால் அது தன் வீட்டைப் பார்த்துக் கத்தும். வீட்டுப் பத்திரம் வட்டிக்கடைக்காரரிடம் இருக்கிறது. அம்மாவின் நகைகளும் அடகில். கழுத்தில் கிடப்பது கவரிங். மருமகளின் நகைகளும் துபாய்க் கடனுக்கு அடகில். அவள் கழுத்திலும் கவரிங். இருவரும் பூஜையறையில் சந்திக்கிறார்கள். "பளபளன்னு இருக்கு அத்தை, புதுசா?" "பழசுதாம்மா, கெட்டி நகை. ஒன்னோடது என்ன, எட்டுப் பவுனா?" இதை எழுதும்போது நீங்கள் வேறொன்றும் செய்ய வேண்டாம். இருவரும் அடுத்தவர் சங்கிலியைத் தொட்டுவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும். தொட்டால் தெரிந்துவிடும் அல்லவா, இரண்டு பேருக்குமே கவரிங்கின் கனம் பழக்கம்.

பொய்கள் எல்லாம் தெரிந்த ஒரே ஆள் அப்பத்தா. அவளுக்குக் காது கேட்காது என்று குடும்பம் நம்புகிறது. அதனால் எல்லாரும் தங்கள் ரகசியத்தை அவள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றுதான் பேசுகிறார்கள். அவளுக்கு வசனம் குறைவாகக் கொடுங்கள். பாக்கு உரல் ஒன்று கொடுங்கள். யாராவது அளந்துவிடும்போதெல்லாம் இடி ஒருகணம் நிற்கட்டும், பிறகு தொடரட்டும்.

இதில் ஒரு தொழில் நுணுக்கம் இருக்கிறது. 'காதலிக்க நேரமில்லை'யில் நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எல்லாரும் நாகேஷின் காட்சி என்பார்கள். படத்தை மறுபடி போட்டு, பாலையாவை மட்டும் பாருங்கள். சிரிப்பில் பாதி கதை கேட்கிறவருடைய கண்ணிலும் வாயிலும் இருக்கிறது. குடும்பப் படத்தில் ஒரு வசனம் சொல்லப்படும்போது கேமரா எவர் முகத்தில் இருக்க வேண்டும் என்பதை எழுதும்போதே முடிவுசெய்துவிடுங்கள். படப்பிடிப்பில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நாயகனின் முகத்தில்தான் இருக்கும்.

வீடு

காரைக்குடிப் பக்கம் எடுங்கள், எல்லாரும் அங்கேதான் எடுக்கிறார்கள். கதை தஞ்சாவூரில் நடக்கலாம், பேச்சு மதுரையாக இருக்கலாம், வயல் பொள்ளாச்சியில் இருக்கலாம், வீடு மட்டும் செட்டிநாடு. (பாசில் 'வருஷம் பதினாறு' எடுக்கப் பத்மநாபபுரம் அரண்மனைக்குப் போனார். அது வேறு தயாரிப்பாளர், வேறு காலம்.) ஆனால் ஒரு எச்சரிக்கை. செட்டிநாட்டு வீட்டில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று வாசலிலிருந்து கொல்லைவரை கதவுகள் ஒரே நேர்கோட்டில் இருக்கும். வாசலில் நிற்பவருக்குப் பின்கட்டில் யார் போகிறார் என்பது தெரியும். படமாக்க அழகு, ஒருவரை ஒருவர் பார்க்காமல் ஒளிய வேண்டிய நகைச்சுவைக்குப் பெரும் தொல்லை. எனவே நீங்கள் நம்ப வேண்டியது கழிவறையை. இருபது பேருக்கு ஒன்று. காலை ஐந்து மணிக்கு வாளியோடு வரிசை. வரிசையில் முன்னாலும் பின்னாலும் நிற்பவர்கள் பேசிக்கொள்ளாத பங்காளிகள். ஒரு முழுச் சண்டையையும் ஒரு முழுச் சமாதானத்தையும் அந்த வரிசையிலேயே முடித்துவிடலாம். கூடத்தைவிடச் செலவும் குறைவு.

இடைவேளை

நம் ஊரில் படத்தின் நடுவில் விளக்கைப் போட்டுப் பாப்கார்ன் விற்கிறார்கள். வெளிநாட்டுத் திரைக்கதைப் புத்தகங்களை எழுதியவர்கள் இந்தச் சங்கடத்தை அனுபவித்ததில்லை. அவர்கள் மூன்று அங்கம் என்பார்கள். உங்களுக்கு இரண்டு பாதி, அதனால் இரண்டு உச்சகட்டம். முதல் பாதியை ஒரே நாளில் அடக்கிவிடுங்கள்: காலையில் கார் வருகிறது, சாயங்காலம் காப்புக் கட்டுகிறார்கள். அந்தப் பகலுக்குள் எல்லாப் பொய்யும் ஊன்றப்பட்டுவிட வேண்டும்.

நான் வாடகைக் கார் என்று சொன்னது இதற்காகத்தான். பறை முழங்குகிறது. பூசாரி கயிற்றை எடுக்கிறார். அந்த நேரம் பார்த்து இரண்டு பேர் வந்து நிற்கிறார்கள். ஒருவர் காரின் சொந்தக்காரர்: சொன்ன நாளில் வண்டி திரும்பவில்லை, தேடிக்கொண்டு வந்துவிட்டார். இன்னொருவர் வட்டிக்கடைக்காரர்: வீட்டைப் பூட்ட வந்திருக்கிறார். மூத்த மகன் பதறிப்போய்க் கார்க்காரரை "எங்க கம்பெனி மேனேஜர்" என்கிறான். அதே மூச்சில் அப்பா வட்டிக்காரரை "என் பால்ய சிநேகிதர்" என்கிறார். இருவர் கையிலும் ஊர்ப் பெரியவர் காப்பைக் கட்டிவிடுகிறார். இனி எட்டு நாளைக்கு அவர்களும் போக முடியாது. விளக்கைப் போடலாம்.

வழக்கமான இடைவேளையில் யாராவது ஒருவர் கன்னத்தில் அறைவார், அல்லது சத்தமாக "இந்த வீட்ல இனி எனக்கு இடமில்லை" என்பார். எட்டு நாளும் கூடவே இருந்து சாப்பிடப் போகிற ஆபத்து அதைவிடப் பெரியது என்பது என் கட்சி. கடன்காரர் பந்தியில் உட்கார்ந்து இரண்டாம் முறை ரசம் கேட்கிறார் என்றால், அதைப் பரிமாறுகிறவர் கை நடுங்குவது அரை மணி நேரத்துக்குத் தாங்கும்.

நெஞ்சுவலி

இரண்டாம் பாதியில் இருபது நிமிடம் எப்படியும் தொய்யும். எல்லாப் படத்திலும் தொய்கிறது. அந்த இடத்தில் தாத்தாவுக்கு நெஞ்சுவலி வரவைப்பது நம் மரபுவழி வைத்தியம். எல்லாரும் ஆஸ்பத்திரி நடைக்கூடத்தில் நிற்பார்கள், கண்ணாடிக் கதவில் ஒரு விளக்கு எரியும், பின்னணியில் புல்லாங்குழல். மருத்துவர் வெளியே வந்து கண்ணாடியைக் கழற்றுவார். உங்களுக்கு வேறு வழியே தெரியாவிட்டால் வலியை வட்டிக்காரருக்கு வரவையுங்கள். அவரைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர் அப்பா. செத்தால் கடன் போகும் என்று வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு நொடி தோன்றி, அந்த எண்ணத்துக்காக ஒவ்வொருவரும் வெட்கப்பட்டு, கூடுதலாக ஓடியாடி உழைக்கட்டும். அது வாயுத் தொல்லைதான் என்று தெரிந்ததும் வரும் ஏமாற்றத்தையும் நிம்மதியையும் ஒரே முகத்தில் காட்டத் தெரிந்த நடிகர்கள் நம்மிடம் நிறைய இருக்கிறார்கள். கேரக்டர் ஆர்ட்டிஸ்ட் என்று சொல்லி வருடத்துக்கு ஒரு நல்ல காட்சி மட்டும் கொடுத்துவைத்திருக்கிறோம்.

தனியாகக் காமெடி ட்ராக் கேட்பார்கள். மறுத்துவிடுங்கள். கதை ஒரு பக்கம் அழ, சம்பந்தமில்லாத இருவர் வேறு பக்கம் உதைபட்டுக்கொண்டிருந்த காலம் ஒன்று இருந்தது. அதில் அபாரமான சிரிப்பும் இருந்தது. ஆனால் வீடு முழுக்கப் பொய் நிரம்பிய கதையில் வெளியிலிருந்து சிரிப்பை இறக்குமதி செய்தால் உங்கள் பொய்களுக்கு வலு போதவில்லை என்றுதான் பொருள்.

போட்டு உடைத்தல்

பொய்கள் வெளிப்படும் காட்சியில் எல்லாரும் வட்டமாக நின்று, நாயகன் ஒவ்வொருவருக்கும் இரண்டு நிமிடம் புத்தி சொல்வது வழக்கம். கைதட்டல் விழும். நாயகனின் ரசிகர்களுக்காக ஒரு நிமிடம் வேண்டுமானால் ஒதுக்குங்கள், அதற்குமேல் வேண்டாம். ஏனென்றால் பொய்யைச் சொன்னவனே அதை ஒப்புக்கொண்டால் அது பிரசங்கமாகிவிடும். பொய் தானாக விழ வேண்டும், அதுவும் பொது இடத்தில்.

திருவிழாவில் இதற்கென்றே கடவுள் படைத்த கருவி மைக் செட். பந்தலில் வில்லுப்பாட்டு முடிந்து மைக்கை அணைக்க மறந்துவிட்டார்கள். பக்கத்தில் அப்பாவும் வட்டிக்காரரும் அடமானக் கணக்கு பேசுகிறார்கள். ஊர் முழுக்கக் கூம்பு ஒலிபெருக்கியில் கேட்கிறது, அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு என்று. வீட்டில் மகன்கள் கேட்கிறார்கள். மாட்டுக்காரர் கேட்கிறார். சரி, அவமானத்தின் உச்சம் வந்துவிட்டது என்று பார்க்கிறவர் நினைக்கும்போது ஒரு திருடனை உள்ளே விடுங்கள். எல்லாரும் பந்தலுக்கு ஓடிய நேரத்தில் அவன் வீட்டில் புகுந்து இரண்டு கழுத்து நகைகளையும் அள்ளிக்கொண்டு போகிறான். விடிகாலையில் அவனே திரும்பி வந்து இரண்டையும் திண்ணையில் வீசுகிறான். "இவ்ளோ பெரிய வீடு, ஒரு குண்டுமணி தங்கம் இல்லையா? போய்வந்த பஸ் காசாச்சும் குடுங்க." மாமியாரும் மருமகளும் ஒருவரை ஒருவர் பார்க்கிறார்கள். வசனம் வேண்டாம். இருவரில் யார் முதலில் சிரிக்க வேண்டும் என்று மட்டும் இயக்குநரோடு சண்டை போட்டுக்கொள்ளுங்கள். மாமியார் என்பது என் அபிப்பிராயம்.

அப்பத்தா அப்போது பாக்கு உரலைக் கீழே வைத்துவிட்டு, ஒவ்வொருவருடைய கடனையும் பைசா சுத்தமாக ஒப்பிக்கலாம். காது கேட்காதவள் வாயிலிருந்து அது வரும்போது தியேட்டரில் யாரும் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

போகவிடுதல்

இங்கேதான் பெரும்பாலான படங்கள் ஏமாற்றுகின்றன. எல்லாப் பிணக்கும் தீர்ந்தது. மூத்தவன் கடவுச்சீட்டைப் பெட்டியில் போட்டுப் பூட்டுகிறான், இளையவன் மடிக்கணினியை மூடிவிட்டு வேட்டியை மடித்துக்கட்டி வயலில் இறங்குகிறான், இயற்கை உரம் பற்றி ஒரு வசனம், எல்லாரும் ஒரே கூரையின் கீழ் என்று குழுப் புகைப்படம். படம் பார்த்தவர்களில் பாதிப்பேர் அடுத்த நாள் காலை வேலைக்குப் போக இரவு பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள். அவர்களிடம் போய் 'இங்கேயே இருந்துவிட்டார்கள்' என்று சொன்னால் ஒருத்தரும் நம்புவதில்லை. வீடு திரும்பும் கதைக்கு அதன் கெடுவைக் கொடுப்பதே திரும்பிப் போகிற டிக்கெட்தான். அதைக் கிழித்துப் போட்டால் முந்தைய இரண்டு மணி நேரத்தின் அவசரத்தையும் சேர்த்துக் கிழித்ததாகிவிடும்.

நல்ல படங்கள் போகவிட்டிருக்கின்றன. 'பூவே உனக்காக'வில் இரண்டு குடும்பத்தைச் சேர்த்துவைத்தவன் தனியாகக் கிளம்பிப் போகிறான். பாசிலின் 'பூவே பூச்சூடவா'வில் (1985) தெருப் பிள்ளைகளின் தொல்லை தாங்காமல் அழைப்புமணியைக் கழற்றிவைத்த பாட்டி, பேத்தி போன பிறகு அதை மறுபடி மாட்டுகிறாள். 'தேவர் மகன்' சிரிப்புப் படம் அல்ல, ஆனால் லண்டனில் படித்துவிட்டு ரயிலில் சிரித்துக்கொண்டு வந்து இறங்குகிறவன் கடைசியிலும் ரயில்தான் ஏறுகிறான், எந்த ஊருக்கு என்பதுதான் வேறு. எல்லாவற்றையும்விடத் துணிச்சலான முடிவு விசுவின் 'சம்சாரம் அது மின்சாரம்' (1986). சுண்ணாம்புக் கட்டியால் கோடு கிழித்துப் பிரிந்த குடும்பத்தை மூத்த மருமகள் லட்சுமி ஒன்றுசேர்த்துவிடுகிறாள். கைதட்டலோடு வணக்கம் போட வேண்டிய இடம். அவளோ இனி நாம் தனித்தனியாகவே இருப்போம், அவ்வப்போது வந்து பார்த்துக்கொள்வோம் என்கிறாள். கூட்டுக் குடும்பத்தைப் போற்றுவதற்கென்றே டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்திடம் இதைச் சொல்லி, அந்தப் படத்துக்குப் பொழுதுபோக்குப் படத்துக்கான தேசிய விருதையும் வாங்கினார்கள்.

ஆகவே உங்கள் சிவகங்கை வீட்டிலும் ஒன்பதாம் நாள் காப்பை அவிழ்த்ததும் எல்லாரையும் அனுப்பிவையுங்கள். வட்டிக்காரர் கணக்கைத் தள்ளிப்போடட்டும், தள்ளுபடி செய்ய வேண்டாம், அது கடைக்காரரின் குணத்துக்குப் பொருந்தாது. தங்கச்சி கடைசிவரை கையெழுத்துப் போட வேண்டாம். அவள் போடாததால்தான் வீடு விற்கப்படாமல் நிற்கிறது என்பதை எவரும் வாய்விட்டுச் சொல்லவும் வேண்டாம். கார்க்காரர் தன் காரிலேயே மூத்தவனையும் மருமகளையும் வாடகை வாங்காமல் மதுரையில் கொண்டுபோய் விடட்டும், டீசல் மட்டும் அவர்கள் கணக்கு. இளையவன் போகிற பஸ்ஸில் டவர் கிடைத்து, நிஜமாகவே ஒரு நேர்காணலுக்கு அழைப்பு வரட்டும். அவன் பேசுவதைப் பார்த்துப் பக்கத்து இருக்கைக்காரர், 'தம்பி எங்க ஊர்ல ஒருத்தன் இப்படித்தான் சும்மா பேசிட்டுத் திரிஞ்சான்' என்று சொல்லலாம்.

படம் ஓடினால் தயாரிப்பாளர் மறுவாரமே இரண்டாம் பாகம் கேட்பார். அதற்கும் இப்போதே விதை போட்டுவையுங்கள். திருவிழாவுக்கு வராத ஒரு சின்னத் தாத்தா சிங்கப்பூரில் இருப்பதாக யாராவது போகிற போக்கில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும். பெயரை மட்டும் சொல்லுங்கள். புகைப்படம் எதுவும் சுவரில் மாட்டிவிட வேண்டாம். அந்த வருடம் யாருடைய கால்ஷீட் கிடைக்கும் என்று இப்போதே யார் கண்டது?